ஏன் வேலையை விட்டனீங்கள்

என்னுடைய உத்தியோகக் காலம் முழுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். கேள்வித்தாளில் அது நல்ல தமிழில் இருக்கும்: தொழிலில் இருந்து விலகியமைக்கான பிரதான காரணம். அந்தத் தமிழில் கேட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். அதனால் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏன் தங்கச்சி வேலையை விட்டனீங்கள்?" என்று கேட்பேன். அப்போதுதான் பதில் வரும்.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பித்தவள். பெண்களும் தொழிற்சந்தையும் என்பது என் ஆய்வுத்துறை. சொந்தக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சிரமம். நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு கலியாண வீட்டில் கரவெட்டி மாமா ஒருவர், "சந்தையிலை பொம்பிளையள் என்ன விக்கினம் எண்டு பாக்கிறதோ?" என்று கேட்டார். "ஓம் மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த வயதிலேயே எனக்கு விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டது.

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தேன். அப்போது யாழ்ப்பாணத்தில் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரும், ஹோட்டலில் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு போத்தல் தண்ணீரும், ஒரு கோப்பும், ஒரு புதுப் பேனையும் இருக்கும். நான் எழுந்து, பெண்கள் வேலைக்கு வருகிறார்கள், பிறகு முப்பது வயதை அண்டி விட்டுவிடுகிறார்கள், அதற்கு இன்ன இன்ன காரணம் என்று சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு மதியச் சாப்பாடு. அடுத்த வருசம் வேறு ஆட்கள், அதே ஹோட்டல், அதே கோழிக்கறி. நான் சொல்வதும் அதேதான்.

முதல் கேள்வித்தாளை நீர்வேலி வீட்டில் அம்மாவிடம்தான் கேட்டுப் பார்த்தேன். அம்மா கலியாணத்துக்கு முன்னர் தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவ. கலியாணத்துக்குப் பிறகு இல்லை.

"ஏன் அம்மா வேலையை விட்டனீங்கள்?"

"நான் எங்கை விட்டனான்? நிப்பாட்டினவை."

"ஆர் நிப்பாட்டினது? கந்தோர்க்காரரோ?"

"உன்ரை அப்பாவும் அப்பாவின்ரை தேப்பனும். கந்தோரிலை என்னைப் போகவேண்டாம் எண்டு அழுதவை."

என் கேள்வித்தாளில் அப்படி ஒரு பதிலுக்கு இடம் இருக்கவில்லை. "வேறு" என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன். அடுத்த பதிப்பில் அதற்கு ஒரு தனிப் பெட்டி வைத்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த பயனுள்ள காரியங்களில் அது ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொழும்புத்துறைப் பக்கம் ஒரு நண்டுக் கொம்பனி இருந்தது. கடலில் இருந்து வருகிற நண்டை அவித்து, சதையைப் பிரித்து, தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சதை பிரிக்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, முழங்கால் வரைக்கும் சப்பாத்து. குளிர் அறையில் நீட்டு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஓடு உடைத்து, நார் சிதையாமல் சதையைப் பிரித்துப் போடவேண்டும். வேலை முடிந்து போகும்போது தேசிக்காய்ப் பாதியைக் கையில் தேய்த்துக் கழுவுவார்கள். கழுவினாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைத் திருப்புவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கொம்பனியில் பெண்கள் நிற்கிறார்கள் இல்லை, காரணம் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று ஒரு நிறுவனம் என்னைக் கேட்டது. ஒரு மழைக்காலம் முழுவதும் போய் வந்தேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணை முதலில் கண்டேன். முப்பது வயது இருக்கும். கையில் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மேசையின் அந்தத் தொங்கலில், கடைசி ஆளாக நின்று பகிடி விட்டுக்கொண்டே வேலை செய்வாள். மேசை முழுக்கச் சிரிக்கும். புருசன் மீன் லொறி ஓட்டுகிறவன், கிழமையில் பாதி நாள் தம்புள்ளையிலும் கொழும்பிலும். ஐந்து வயதில் ஒரு மகள். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால் இவள் வேலைக்கு வர முடிந்தது. சுப்பவைசர் வேலைக்கு அவளுடைய பேர் போயிருந்தது.

அறிக்கை எழுதத் தொடங்கிய நேரம் மேலதிகமாகச் சில விபரம் கேட்கப் போனபோது அவள் மேசையில் இல்லை. மாமியாருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். பிள்ளையைப் பார்த்த ஆளையே இனி ஒரு ஆள் பார்க்கவேண்டும். வீடு தேடிப் போய், "ஏன் வேலையை விட்டனீங்கள்" என்று நான் கேட்கவே தேவை இருக்கவில்லை. உள்ளே கட்டிலில் கிழவி கிடந்தா. முற்றத்துக் கொடியில் துவைத்த சீலைத்துண்டுகள் நிறையக் காய்ந்தன. அவள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

"திரும்பிப் போவீங்களோ?" என்றேன்.

"விருப்பம்தான் மிஸ். அங்கை நிண்டால் பகிடியும் பம்பலுமா இருக்கும். நேரம் போறது தெரியாது. இஞ்சை..." என்று தொடங்கி, உள்ளே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அறிக்கையில் எழுதினேன்: கொம்பனிக்குள்ளே பிள்ளைகளைப் பராமரிக்க ஒரு அறை வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்க ஒரு வான் வேண்டும். விட்டுப்போனவர்கள் திரும்பி வந்தால் பழைய சேவைக்காலத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். கொம்பனி முகாமையாளர் நல்ல மனிதர். அறிக்கையை முழுவதும் வாசித்திருந்தார்.

"எல்லாம் சரி மிஸ். ஆனால் இப்ப எங்களுக்கு நண்டுதான் பிரச்சினை. கடலிலை நண்டு இல்லை. அது வந்தால் பொம்பிளையளைப் பற்றி யோசிக்கலாம்."

அறிக்கை முடிந்தது. ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். கோழிக்கறி.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குக் கொஞ்சம் முன்னர் அம்மா குளியலறையில் விழுந்தா. இடுப்பு எலும்பு. சத்திரசிகிச்சை செய்தார்கள், ஆனால் பழைய மாதிரி நடக்க வரவில்லை. ஞாபகமும் அதன் பிறகு மெல்ல மெல்லக் குழம்பத் தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கிற தம்பி ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து, "அம்மா, என்னைத் தெரியுதோ?" என்று கேட்பான். அவனைத் தெரியும். கழுவித் துடைத்துச் சாப்பாடு தீத்துகிற என்னை, சில நாட்களில், "நீர் ஆர் பிள்ளை?" என்பா.

நான் கலியாணம் செய்யவில்லை. ஆகையால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரியம்மாவின் மகள் ஆஸ்பத்திரி வார்ட்டில் வைத்தே சொன்னா, "நல்லகாலம் நீ தனிய." அந்த நேரத்தில்தான் துறைத்தலைவர் பதவி என் முறைக்கு வந்தது. பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு, "வீட்டு நிலைமையைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அவருடைய தாயும் படுக்கையில்தான் இருந்தா. அவரிடம் யாரும் வீட்டு நிலைமை கேட்டிருக்கமாட்டார்கள்.

அம்மாவைப் பார்க்க ஆள் தேடினேன். ஒருத்தி இரண்டு கிழமை நின்றாள். இன்னொருத்தி அம்மா திட்டியதைத் தாங்காமல் அடுத்த நாளே போய்விட்டாள். பிறகு எங்கள் கந்தோர் உதவியாளர் ஒருவர் தன் ஊரில் ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னார். படுக்கையில் கிடந்த மாமியாரை வருசக்கணக்காகப் பார்த்த ஆள், கிழவி போனமாதம்தான் காலமானா, வீட்டில் வருமானம் தேவை என்றார்.

படலையைத் திறந்துகொண்டு வந்தவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்தது.

"மிஸ், நீங்கள் நண்டுக் கொம்பனியிலை என்னை இன்ரவியூ எடுத்தனீங்கள்."

இரண்டு பேரும் சிரித்தோம். என்ன செய்வது என்று தெரியாத சிரிப்பு.

"கொம்பனிக்குத் திரும்பிப் போகேல்லையோ?"

"பூட்டிக் கிடக்கு மிஸ். கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. எப்ப திறப்பினமோ தெரியாது."

அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலையில் வந்து பின்னேரம் போவாள். கொழும்புத்துறையில் இருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில். அவள் வந்ததால் நான் துறைத்தலைவர் ஆனேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் செனட் கூட்டத்தில் இருக்கும்போது அவள் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தாள். நான் மாணவர்களின் ஆய்வைத் திருத்தும்போது அவள் அம்மாவுக்குக் கஞ்சி தீத்தினாள். தலைவாரிப் பூ வைத்துவிட்டால் அம்மா திட்டாமல் இருப்பா என்று கண்டுபிடித்தவள் அவள். நாங்கள் அவளுக்கு ஈ.பி.எவ் என்கிற சேமலாப நிதிக்குக் காசு கட்டவில்லை. வீட்டு வேலைக்கு அதைக் கட்டுகிற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. எப்படிக் கட்டுவது என்று தொழிற் கந்தோரில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "மிஸ், வீட்டிலை நிக்கிற ஆளுக்கோ?" என்றார். பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். கொம்பனியில் அவளை நான் நீங்கள் என்றுதான் சொன்னேன். எங்கள் குசினிக்கு வந்து சில மாதத்தில் அது ஒரு படி இறங்கி 'நீர்' ஆகிவிட்டது. அன்பாகத்தான் ஆனது. ஆனாலும் அவள் கடைசிவரைக்கும் மிஸ் என்றுதான் கூப்பிட்டாள்.

ஒருநாள் அவளுடைய மகளின் பாடசாலையில் பரிசளிப்பு. பிள்ளைக்கு இரண்டு பாடத்தில் பரிசு. கட்டாயம் போகவேண்டும் என்று அவள் முதலே சொல்லி வைத்திருந்தாள். அதே நாளில் எனக்குக் கொழும்பில் ஒரு மாநாடு. கூலியில்லாத பராமரிப்பு வேலை பற்றி நான் பேசவேண்டும். போகவில்லை, வீட்டில் இருந்து கணினியில் பேசுகிறேன் என்று அறிவித்தேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்து, படுக்கவைத்து, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். நடுவில் அம்மா எழும்பிவிட்டா.

"பிள்ளை! ஆர் உங்கை கதைக்கிறது?"

நான் நிறுத்தாமல் பேசினேன்.

"ஆர் வந்திருக்கினம்? தேத்தண்ணி குடுத்தனீயோ?"

கூட்டத்தை நடத்திய பெரியவர், பேச்சாளரின் பக்கத்தில் சத்தம் வருகிறது, தயவுசெய்து தொலைக்காட்சியை நிறுத்துங்கள் என்றார். திரையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். நான், "அது தொலைக்காட்சி இல்லை, என்ரை அம்மா" என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தா. யாரென்று தெரியாது. அவவும் எங்காவது ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். போய் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே இப்போது நினைவில்லை.

பின்னேரம் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, பரிசுப் புத்தகங்களை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அட்டையைத் தடவிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றா. அந்த நாள் மோசமாக முடியவில்லை.

நண்டுக் கொம்பனி திரும்பத் திறந்தது. புது முகாமையாளர், புது இயந்திரங்கள். பிள்ளைகளுக்கு ஒரு அறை, அதில் இரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆட்களை ஏற்ற வான். பழைய ஆட்கள் வந்தால் பழைய சேவைக்காலம் கணக்கில் வரும். என்னுடைய அறிக்கையை அவர்கள் வாசித்துத்தான் செய்தார்களா, அல்லது வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்டதால் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தச் செய்தியே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலை நேரம். அம்மாவைக் கதிரையில் இருத்திச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வகுப்புக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஸ், ஒண்டு கதைக்கோணும்."

"சொல்லும்."

"கொம்பனியிலை கூப்பிட்டவை. சுப்பவைசராத்தான் எடுக்கினம்."

நான் சேலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். குத்தி முடித்தேன்.

"எப்ப வரச்சொல்லினம்?"

"மாதம் பிறக்க. நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. உங்களைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

"என்னை ஏன் கேக்கிறீர்?"

"அம்மா இருக்கிறா தானே."

அவளுடைய கை அம்மாவின் தலையில் அப்படியே நின்றது. அம்மா, "இழு பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ?" என்றா.

"இஞ்சை எனக்கு ஒரு குறையும் இல்லை மிஸ்" என்றாள் அவள். "ஆனால் நாள் முழுக்க நானும் அம்மாவும்தான். சில நாள் என்ரை குரலை நானே கேக்கிறேல்லை. அங்கை போனால் நாலு பேர் இருப்பினம். ஈ.பி.எவ்வும் விழும். மகளுக்கும் அம்மா சுப்பவைசர் எண்டு சொல்ல விருப்பம்."

இதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். வேலையிடத்தின் தோழமை, நிரந்தரச் சேமிப்பு, பதவி உயர்வு என்று தலைப்புப் போட்டு, ஆங்கிலத்திலும் தமிழிலும். வகுப்பில் அவள் ஒரு உதாரணமாக வந்திருந்தால் மாணவர்களுக்கு மகிழ்ச்சியோடு விளக்கியிருப்பேன். அன்று எனக்கு வந்தது களைப்பு மட்டும்தான். இனி யாரைத் தேடுவது என்பதற்கு அப்பால் மனம் போகவில்லை.

"போம்" என்றேன். "கட்டாயம் போம். இண்டைக்கே ஓம் எண்டு சொல்லும்."

"மிஸ், உங்கடை பாடு?"

"பாப்பம்."

அன்றைய வகுப்பு நன்றாக நடக்கவில்லை. ஒரு மாணவி கேள்வி கேட்டாள், திரும்பக் கேட்கச் சொன்னேன், திரும்பவும் எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு மூன்று பேர் வந்து போனார்கள். ஒருத்தியை அம்மா கடித்துவிட்டா. முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையாகக் கிடந்த கட்டில்களில் அம்மாவை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. தம்பி வீடியோவில், "அக்கா, நீ தானே உதுகளைப் பற்றிப் படிச்சனி, உனக்குத் தெரியும் தானே என்ன செய்யிறதெண்டு" என்றான். பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆக்கள் என்ன செய்யினம் எண்டுதான்" என்றேன். "என்ன செய்யவேணும் எண்டு தெரியாது."

முதலில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். பிறகு துறைத்தலைவர் பதவியை விட்டேன். பிறகு முன்கூட்டிய ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு அடுத்ததாக வந்தவர் என்னிடம் படித்தவர், நல்ல பிள்ளை. துறை அறையின் அலுமாரித் திறப்புகளை வாங்க வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி வங்கியில் வேலை செய்து, இரண்டாவது பிள்ளையோடு அதை விட்டவ. அது எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. அவர் தேத்தண்ணி குடித்து, அம்மாவிடம் சுகம் விசாரித்து, "மிஸ், உங்களை மாதிரி ஒரு ஆள் இப்ப விட்டுட்டுப் போறது சரியான கவலையா இருக்கு" என்றார். நான் அவருக்கு அலுமாரியில் எந்தத் திறப்பு எதற்கு என்று காட்டினேன்.

இப்போது கிழமையில் ஒருநாள் கணினியில் ஒரு வகுப்பு எடுக்கிறேன், அம்மா நித்திரை கொள்கிற நேரம் பார்த்து. பாதி எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து இரண்டு பந்தி வாசிப்பேன், பிறகு அம்மா கூப்பிடுவா. மூடிவிட்டுப் போவேன். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று ஊரில் யாரும் என்னைக் கேட்பதில்லை. அம்மாவைப் பார்க்கிறா என்று அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பையில் நண்டோடு. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். புதிதாகக் கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். தன் மேசையில் நிற்கிற பெண்களைப் பற்றி, ஒருத்தி பாடுகிற பாட்டைப் பற்றி, வானின் சாரதி விடுகிற பகிடியைப் பற்றி எல்லாம் சொன்னாள். நான் சிரித்தேன். கன நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். அம்மாவுக்கு அவளைத் தெரியவில்லை. ஆனால் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனதும் தலையைச் சரித்துக் கொடுத்தா.

"மிஸ், முகம் சரியா விழுந்து போச்சு" என்றாள் என்னைப் பார்த்து. "போய்க் கொஞ்சம் படுங்கோ. நான் நிக்கிறன் தானே."

"உமக்கு இருக்கிறதே ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீர் இருந்து கதையும்."

"கதைச்சுக்கொண்டுதானே செய்யப்போறன். போங்கோ."

அவளுடைய ஓய்வு நாள் அது. அதை நான் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று தெரியும். அதற்கு என் ஆய்வில் என்ன பேர் என்றும் தெரியும். கட்டாயம் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் எழும்பி உள்ளே போய், காற்றாடியைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

முழிப்பு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முன் அறையில் அவளும் மகளும் அம்மாவும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிறுமி எதையோ வாசித்துக் காட்ட, அம்மா பிழை பிடித்துக்கொண்டிருந்தா. குசினியில் இருந்து நண்டுக்கறி வாசம் வந்தது. எழும்பிப் போகவேண்டும், அவர்களை இருட்டுப்பட முன்னர் அனுப்பவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.